வெண்ணெய் வேண்டாம், நனைத்துச் சாப்பிடுங்கள்

இத்தாலிய பிஸ்கோத்தியில் வெண்ணெய் சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி. வீட்டில் இதைச் சொன்னால், "பென்ஷன் வாங்குகிற மனுஷனுக்கு வேறு வேலையில்லை" என்கிறார்கள். உண்மைதான், வேறு வேலையில்லை. முப்பத்துநான்கு வருஷம் அரசாங்கக் கோப்புகளில் அடுத்தவர் கருத்தையே எழுதிக்கொண்டிருந்தவனுக்கு, சொந்தக் கருத்து என்று ஒன்றை வைத்துக்கொள்ள இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது. அது ஒரு பிஸ்கட்டைப் பற்றியதாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

விஷயம் இதுதான். எங்கள் தெருவில் ஒரு பெண் வீட்டிலிருந்தபடியே கேக்கும் பிஸ்கட்டும் செய்து விற்கிறாள். என் மகள் வயது. கணவனுக்கு நிலையான வேலை இல்லை. ஓவன் வாங்கிய கடனே இன்னும் அடையவில்லை. பாதாம் போட்ட இத்தாலிய பிஸ்கோத்திக்கு என்னிடம்தான் அளவு கேட்டு எழுதிக்கொண்டு போனாள். மூன்று வாரம் கழித்து வந்து, "மாமா, நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். கல்லு மாதிரி இருக்குன்னு ரெண்டு பேரு திருப்பிக் குடுத்துட்டாங்க" என்றாள். அதற்குப் பிறகு கால் கிலோ மாவுக்கு நூறு கிராம் வெண்ணெய் சேர்த்தாளாம். இரண்டாவது தடவை சுடுவதையும் பாதியாகக் குறைத்துவிட்டாளாம். இப்போது யாரும் திருப்பித் தருவதில்லையாம். எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தாள். நன்றாகவே இருந்தது. ஆனால் அது பிஸ்கோத்தி இல்லை. பாதாம் போட்ட வெண்ணெய் பிஸ்கட், சாய்வாக வெட்டியது.

அன்று வாசலில் நின்றபடி அவளிடம் முழுதாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. லத்தீனில் 'பிஸ்' என்றால் இரண்டு முறை, 'கோக்துஸ்' என்றால் வெந்தது. இரண்டு முறை வெந்தது பிஸ்கோத்தோ, பன்மையில் பிஸ்கோத்தி. பிரெஞ்சில் அதுவே பிஸ்குயி. ஆங்கிலேயர் அதை எடுத்துக்கொண்டு பிஸ்கட் என்றார்கள். போர்ச்சுகீசியருக்குப் பிஸ்கொய்து. நம் பாட்டிமார்கள் பிஸ்கோத்து என்றார்கள். ஆங்கிலம் படித்த பேரப்பிள்ளைகள் கேட்டுச் சிரித்தார்கள். பார்க்கப்போனால் பாட்டி சொன்னதுதான் மூலத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது. பிற்பாடு "அதெல்லாம் பிஸ்கோத்து மேட்டர்" என்று அற்பமானதற்கெல்லாம் அதைப் பெயராக்கிவிட்டோம். கப்பல் கப்பலாக மனிதர்களுக்குச் சோறு போட்ட பண்டத்துக்கு இந்த மரியாதை.

1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன பிறகும் இங்கே பிரெஞ்சு வழிப் பள்ளிகள் இருந்தன. நான் அப்படி ஒன்றில் படித்தவன். அதனால் எனக்கு இன்னொரு சொல்லும் கூடவே நினைவுக்கு வரும்: பிஸ்கொத். நாம் ரஸ்க் என்கிறோமே, அதற்குப் பிரெஞ்சில் அந்தப் பெயர். இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. ரஸ்க்கும் இரண்டு முறை சுட்டதுதான். முதலில் ரொட்டியாகச் சுட்டு, அறுத்து, மறுபடி சுட்டு ஈரத்தை விரட்டுவது என்ற ஒரே காரியத்துக்குத்தான் இத்தனை பெயர். எதற்கு இரண்டு முறை? கெடாமல் இருக்க. கடலில் மாதக்கணக்கில் போகிறவனுக்கும் படையோடு நடக்கிற சிப்பாய்க்கும் ஈரமில்லாத ரொட்டியைத்தான் கட்டிக் கொடுத்தார்கள். ஈரம் இல்லாத இடத்தில் பூஞ்சை பிடிக்காது. அதை அப்படியே கடித்துத் தின்ன முடியாது. தண்ணீரிலோ வைனிலோ சூப்பிலோ ஊறவைத்துத்தான் தின்றார்கள். ஆக, கடினமும் நனைப்பதும் கூடவே பிறந்தவை. (அலுவலகத்திலும் ஒரே கோப்பு இரண்டாவது முறை மேசைக்கு வந்தால் அதில் கொஞ்சநஞ்சம் இருந்த ஈரமும் போயிருக்கும். அது வேறு கதை.)

இத்தாலியில் இன்று பிஸ்கோத்தி என்று கேட்டால் எந்த பிஸ்கட்டையும் எடுத்து நீட்டுவார்கள். பாதாமை முழுசாகப் போட்டு, சாய்வாக வெட்டிச் சுடும் இந்த வகைக்குக் காந்தூச்சி என்று பெயர். புளோரன்சுக்குப் பக்கத்தில் இருக்கும் பிராத்தோ என்ற நெசவு ஊர் இதற்குப் பேர்போனது. அங்கே அந்தோனியோ மத்தேயி என்பவர் 1858-இல் கடை திறந்தார். 1867-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய பண்டத்துக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. அந்தக் கடை இன்றும் அதே பெயரில் நடக்கிறது. நீலக் காகிதப் பையில் போட்டு நூல் கட்டித் தருவது அதன் அடையாளம். சேர்மானம் கோதுமை மாவு, சர்க்கரை, முட்டை, பாதாம், பைன் கொட்டை. அவ்வளவுதான். வெண்ணெய் கிடையாது, எண்ணெய் கிடையாது.

தொஸ்கானா மாநிலத்தில் எல்லோரும் இப்படியே செய்கிறார்கள் என்று நான் சாதிக்க வரவில்லை. கொஞ்சம் வெண்ணெய், தேன், சோம்பு சேர்க்கிறவர்கள் அங்கேயே உண்டு. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் தொஸ்கானாவின் காந்தூச்சினிக்குப் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தது. இங்கே பழனி பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது மாதிரி. அதற்காக அங்கே வீட்டுக்கு வீடு அளவு மாறாமல் இருக்குமா? ஆனால் ஒரு ஸ்பூன் வெண்ணெய் வேறு, கால் கிலோ மாவுக்கு நூறு கிராம் வேறு. முன்னது கைமணம். பின்னது வேறு பண்டம்.

வெண்ணெய் என்ன செய்கிறது என்று பாருங்கள். மாவில் ஈரம் பட்டதும் அதிலுள்ள புரதம் வலைபோலப் பின்னிக்கொள்கிறது. கொழுப்பு நடுவில் புகுந்து அதைப் பின்னவிடாமல் வழுக்குகிறது. அதனால்தான் வெண்ணெய் பிஸ்கட் வாயில் பொலபொலவென்று உதிர்கிறது. காந்தூச்சி மாவை நனைப்பது முட்டை மட்டும்தான். குறுக்கே வர வெண்ணெய் இல்லாததால் வலை இறுகுகிறது. சர்க்கரை சூட்டில் இளகி, ஆறும்போது கண்ணாடி மாதிரி விறைக்கிறது. இரண்டாவது சூட்டில் மிச்ச ஈரமும் போனதும் 'கடக்' என்ற அந்தச் சத்தம் வந்துவிடுகிறது.

இதை மொறுமொறுப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மொறுமொறுப்பு முறுக்குக்கு உரியது; எண்ணெயில் பிறந்தது, பல் பட்டதுமே நொறுங்கிவிடும். காந்தூச்சி, பொருள்விளங்கா உருண்டைக்குப் பங்காளி. முதலில் எதிர்த்து நிற்கும், பிறகு இணங்கும். அந்த உருண்டையைத் தந்தால் யாரும் "கல்லு மாதிரி இருக்கு" என்று திருப்பித் தருவதில்லை. அது அப்படித்தான் இருக்கும் என்று தெரியும். இத்தாலியப் பண்டத்துக்கு அந்தச் சலுகையைக் கொடுக்க யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

நமக்கு இப்போது 'வாயில் போட்டதும் கரையணும்' என்பதுதான் ஒரே பாராட்டு. மைசூர்பாகுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்துப் பாருங்கள். நான் சிறுவனாக இருந்தபோது சாப்பிட்டது தேன்கூடு மாதிரி கண் கண்ணாக, கடித்தால் கரகரவென்று இருக்கும். இப்போது நெய்யில் ஊறிய அல்வாத்துண்டு ஒன்றை அந்தப் பெயரில் விற்கிறார்கள். பழையதைக் கொடுத்தால் 'கெட்டியாகிவிட்டது' என்கிறார்கள். ருசியில் குறையில்லை. ஆனால் எல்லாப் பண்டமும் ஒரே பதத்துக்கு வந்துவிட்டால் பல்லுக்கும் நாக்குக்கும் என்ன வேலை?

சரி, செய்முறை. மைதா 250 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை இரண்டு, கூடவே ஒரு மஞ்சள் கரு, தோலோடு முழுப் பாதாம் 125 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு எலுமிச்சம்பழத்தின் மஞ்சள் தோலை மட்டும் சீவிய துருவல். பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன் போடலாம். நான் போடுகிறேன், பிராத்தோக்காரர்கள் மன்னிக்கட்டும். பைன் கொட்டை விற்கும் விலைக்கு அதை நான் விட்டுவிட்டேன். பாதாமை ஊறவைக்கக் கூடாது, தோலை உரிக்கக் கூடாது, நறுக்கவும் கூடாது. மாவுக்குள்ளேயே அது வறுபட வேண்டும். வெட்டும்போது முகம் காட்ட வேண்டும்.

முந்திரி போடலாமா என்று கேட்பீர்கள். பண்ருட்டி இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது கேட்கத்தான் தோன்றும். போடலாம், ஆனால் முந்திரி மெத்தென்ற சுபாவம் உள்ளது. இந்தக் கூட்டத்தில் அது எடுபடாது. வேர்க்கடலை எடுபடும், பாதாமைவிட மலிவு, தோலோடு போட்டால் பார்க்கவும் அழகு. ஆனால் வாசனையில் கடலைமிட்டாயின் பக்கம் சாய்ந்துவிடும். சாயட்டும் என்று நினைப்பவர்கள் போடுங்கள்.

முட்டையையும் சர்க்கரையையும் அடித்து, மற்றதைச் சேர்த்துப் பிசைந்தால் கையில் ஒட்டும். பயந்து மேலும் மாவைக் கொட்ட வேண்டாம். கையை ஈரமாக்கிக்கொண்டு, நாலு விரல் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக, ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக இரண்டு கட்டைகளாக உருட்டித் தட்டில் வையுங்கள். நடுவில் இடம் விடுங்கள், பரவும். 180 டிகிரியில் 25 முதல் 30 நிமிஷம். மேலே பொன்னிறமாகி லேசாக வெடிப்பு விட்டால் எடுத்துவிடலாம்.

இப்போதுதான் பொறுமை வேண்டிய இடம். சூட்டோடு வெட்டினால் பொடியும். முழுக்க ஆறவிட்டால் பாதாம் கத்திக்கு வழிவிடாமல் துண்டு உடையும். பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து, கை பொறுக்கும் சூட்டில், பல் வைத்த ரொட்டிக் கத்தியால் ரம்பம் இழுப்பது போல் இழுத்து, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனில் சாய்வாக வெட்டுங்கள். முப்பத்துநாலு துண்டு வரும், ஒன்றிரண்டு கூடக் குறைய. ஓரத்து முனைகள் உங்களுக்கு. காந்தூச்சியோ என்றால் மூலை என்று பொருள். ரொட்டியின் ஓர முனைக்கும் அதே சொல்தான். சமைத்தவர் கூலி அது.

துண்டுகளைப் படுக்கவைத்து 150 டிகிரியில் பத்து நிமிஷம், திருப்பிப் போட்டு இன்னொரு பத்து நிமிஷம். அந்தப் பெண் பாதியாகக் குறைத்தது இதைத்தான். இதில் நிறம் ஏறவேண்டும் என்பதில்லை, உலரவேண்டும். எடுக்கும்போது கொஞ்சம் இளக்கமாகத்தான் இருக்கும், கம்பித் தட்டில் ஆறிய பிறகு விறைக்கும். நடுவில் ஈரம் தங்கினால் நாலாம் நாள் 'சவுக் சவுக்'கென்று ஆகிவிடும். பண்டத்தின் ஆயுளே அந்த இருபது நிமிஷத்தில்தான் இருக்கிறது. மின்சாரக் கட்டணத்தைப் பார்த்து அதில் கைவைக்கக் கூடாது.

சாப்பிடும் முறைக்கு வருகிறேன். தொஸ்கானாவில் சாப்பாடு முடிந்ததும் வின் சாந்தோ என்ற இனிப்பு வைனைச் சின்னக் கிளாஸில் ஊற்றி, காந்தூச்சியை அதில் நனைத்துத் தின்பார்கள். எனக்கு ஃபில்டர் காப்பி போதும். துண்டின் பாதியைக் காப்பியில் விட்டு ஐந்து எண்ணுங்கள். மேற்பரப்பு இளகும், உள்ளே கடிக்கக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பத்து எண்ணினால் இன்னும் மெது. எவ்வளவு மெதுவாக வேண்டும் என்பதைத் தின்பவரே தீர்மானிக்கும்படி விட்ட பண்டம் இது. வெண்ணெய் பிஸ்கட்டை இப்படி நனைத்துப் பாருங்கள்: காப்பியின்மேல் எண்ணெய் மினுங்கும், துண்டு பாதியில் முறிந்து தம்ளரின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நனைப்பதில் நமக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. வீட்டுக்குள் ரஸ்க்கை டீயில் முக்காதவர் யார்? ஆனால் விருந்தாளி வந்தால் முக்கமாட்டோம். பிரெஞ்சுக்காரர்களும் இதே மாதிரிதான். நாலு பேர் நடுவில் நனைப்பது நாகரிகமில்லை என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லித்தந்த ஆசிரியர், காலையில் தன் வீட்டுத் திண்ணையில் பெரிய கிண்ணத்துப் பால்காப்பியில் வெண்ணெய் தடவிய ரொட்டியை முழங்கை வரை முக்கிக்கொண்டிருப்பார். போகிற வழியில் பார்த்துவிட்டு நாங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம். மார்செல் புரூஸ்தின் நாவலில் தேநீரில் நனைத்த மத்லேன் கேக்கைச் சொல்லாத இலக்கியவாதி கிடையாது. ஆனால் அவருடைய ஆரம்பப் படிகளில் அது மத்லேன் இல்லை. முதலில் வாட்டிய ரொட்டி, பிறகு பிஸ்கொத், கடைசியில்தான் மத்லேன். நம் ரஸ்க்குக்கு வரவேண்டிய புகழ் இப்படிக் கைமாறிப் போயிற்று.

கடினமாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் நனைக்காமல் கடித்தவர்கள் என்றே நினைக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நனைப்பதை வெட்கமாக்கிவிட்டால் பிஸ்கட் மெத்தென்று ஆகித்தானே தீரும்?

"வயசானவங்க இதை எப்படிச் சாப்பிடறது?" என்று கேட்கிறார்கள். எனக்கு மேல்தாடையில் பாதி கட்டின பல். ஆரோரூட் பிஸ்கட்டும் ஸ்பாஞ்ச் கேக்கும்தான் உனக்கு என்று குடும்பமே முடிவு செய்துவிட்டது. கட்டின பல் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அந்த மெத்தென்ற சமாச்சாரம் அண்ணத்திலும் பல்லிடுக்கிலும் பசைபோல ஒட்டிக்கொள்ளும். காப்பியில் நனைத்த காந்தூச்சி ஒட்டாது. கடிப்பதற்கென்று ஏதோ ஒன்று மிச்சமும் இருக்கும். எழுபது வயதுக்கு மேல் எல்லாவற்றையும் குழைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். சோற்றை மட்டும் சொல்லவில்லை.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன அளவில் ஒரு துண்டுக்கு நாலரை கிராம் சர்க்கரை வருகிறது, ஏழு கிராம் மைதாவும். இது மருந்து இல்லை, பிஸ்கட்தான். ஆனால் மெதுவாகத்தான் தின்ன முடியும். ஒன்று முடிவதற்குள் காப்பி முடிந்துவிடும். வெண்ணெய் பிஸ்கட் அப்படியா? டப்பாவுக்கும் வாய்க்கும் கை தானாகப் போய்வரும்.

அந்தப் பெண்ணின் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். அவளுக்கு ஓவன் கடன். எனக்குப் பென்ஷன். வாடிக்கைக்காரர் திருப்பிக் கொடுத்தால் நஷ்டம் அவளுக்கு. கொள்கை பேசுவது எனக்குச் சுலபம். ஆனால் கணக்காகவே பார்த்தாலும் வெண்ணெய் அவளுக்குச் சாதகம் இல்லை என்பேன். கால் கிலோ மாவுக்கு நூறு கிராம் வெண்ணெய் என்றால் செலவு எவ்வளவு கூடும் என்பது அவளுக்கே தெரியும். வெண்ணெய் போட்டு, ஈரமும் விட்ட பிஸ்கட்டைச் சீக்கிரம் விற்றாக வேண்டும். நாளாக ஆகச் சிக்கு வாடை வந்துவிடும். நன்றாக உலர்ந்த காந்தூச்சி காற்றுப்புகாத டப்பாவில் ஒரு மாதம் தைரியமாக இருக்கும். தனி ஆளாகச் செய்து விற்கிறவளுக்கு, இன்று விற்காததை அடுத்த வாரம் விற்கலாம் என்பது சின்ன விஷயமா? போதாததற்கு, வெண்ணெய் பிஸ்கட் தெருவுக்கு நாலு பேக்கரியில் கிடைக்கிறது. அவளைத் தேடி வர ஒரு காரணம் வேண்டாமா?

ஆகவே அம்மா, என் யோசனை இது. வெண்ணெய் பிஸ்கட்டையும் விற்றுக்கொள், அதற்கு வெண்ணெய் பிஸ்கட் என்றே பெயர் வை. காந்தூச்சியைத் தனியாகச் செய். துண்டின் தடிமனை ஒரு சென்டிமீட்டராகக் குறைத்தால் கடிப்பது சுலபம், சேர்மானத்தில் கை வைக்க வேண்டியதில்லை. பொட்டலத்தின்மேல் பெரிய எழுத்தில் ஒரு வரி போடு: 'காப்பியில் நனைத்துச் சாப்பிடவும்.' முதல் தடவை வாங்குகிறவரிடம் வாயாலும் சொல்லு. அப்படியும் இருவர் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பொட்டலங்களை நான் வாங்கிக்கொள்கிறேன்.

முட்டை சேர்க்காமல் செய்ய வருமா என்று கேட்பவர்களுக்கு: வரும், ஆனால் இந்த விறைப்பு வராது, இதன் முதுகெலும்பே முட்டைதான். ஐப்பசி, கார்த்திகையில் செய்கிறவர்களுக்கு: கடற்கரை ஊரில் சர்க்கரை சேர்ந்த எதுவும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பால்பவுடர் டப்பாவில் போட்டு இறுக்கமாக மூடி வையுங்கள். அப்படியும் நமத்துப் போனால் தூக்கிப் போட வேண்டாம். 150 டிகிரியில் பத்து நிமிஷம் வைத்து ஆறவிடுங்கள், பழையபடி விறைத்துவிடும். மூன்றாவது தடவை சுட்டதற்கு இத்தாலியில் தனியாகப் பெயர் எதுவும் வைக்கவில்லை.